அடைப்பு என்ற சொல்லும் அடைக்கும் சிகிச்சையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

"அப்பாவுக்கு மூளையில் ரத்தக்கசிவாம். டாக்டர் ரத்தக்குழாயை அடைக்கப் போகிறாராம்." அடுத்தடுத்து இந்த இரண்டையும் கேட்கும் குடும்பம் திகைத்துப் போவதில் வியப்பில்லை. நம் பேச்சில் அடைப்பு என்பது நோயின் பெயர். மாரடைப்பு, மூளையில் அடைப்பு, காலில் அடைப்பு. அதை எடுக்கத்தான் மருத்துவமனைக்கு ஓடுகிறோம். அங்கே போனால் நல்ல குழாய் ஒன்றை வேண்டுமென்றே அடைப்போம் என்கிறார்கள். ஒப்புதல் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பாலிடெக்னிக் படிக்கும் பேரன் தாத்தாவுக்கு இதை எப்படித் தமிழில் சொல்வான்?

மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே நாள்பட்டுத் தேங்கும் ரத்தத்துக்கு, நடு மூளையுறைத் தமனியை அடைக்கும் சிகிச்சை இப்போது சிங்கப்பூரிலும் செய்யப்படுகிறது. கத்தியில்லை, தழும்பில்லை, இரண்டே நாளில் வீடு என்று ஒரு பக்கம் பேச்சு. மூளைக்குப் போகும் ரத்தத்தையே நிறுத்துகிறார்களாம் என்று இன்னொரு பக்கம் பீதி. இரண்டும் பிழை. மூளை ரத்தக்குழாய்ச் சிகிச்சைக் கூடத்தில் வேலை பார்க்கிறவர்கள் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறோம்.

முதலில் எந்த ரத்தக்கசிவு என்பது. மூளைக்குள்ளேயே நாளம் வெடிப்பது ஒன்று. மூளைத் தமனியில் குமிழ் போல் வீங்கிய இடம் உடைவது ஒன்று. இந்த இரண்டும் நொடியில் ஆளைச் சாய்ப்பவை. நாம் பேசுவது மூன்றாவது வகை. ரத்தம் மூளைக்கு வெளியே, அதன் தடித்த மேலுறைக்கு அடியில் சேர்கிறது. கொப்பரையைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள், உள்ளே பருப்பு உருளும். இளந்தேங்காயில் ஓட்டோடு ஒட்டியிருந்த பருப்பு முற்றிக் காய்ந்ததும் சுருங்கி இடம் விட்டிருக்கிறது. வயதான மூளையும் அப்படித்தான், கொஞ்சம் சுருங்கி மண்டையோட்டை விட்டு விலகுகிறது. மூளையிலிருந்து மேலுறைக்குப் பாலம் போலப் போகும் மெல்லிய சிரைகள் அந்த இடைவெளியில் இழுபட்டு நிற்கின்றன. ஒரு சின்ன அதிர்வில் அவற்றுள் ஒன்று கிழிந்தால் போதும். தலை எங்கும் மோத வேண்டும் என்றுகூட இல்லை. நாற்காலி தவறிப் பொத்தென்று தரையில் உட்கார்ந்ததுகூடப் போதுமானது. அதனால்தான் "அடி எதுவும் படலையே" என்று வீட்டார் சத்தியம் செய்கிறார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மைதான்.

கிழிந்த சிரை சீக்கிரம் மூடிக்கொள்ளும். பிறகு ஏன் ரத்தம் வாரக்கணக்கில் பெருகுகிறது? அந்தக் கேள்விக்கான விடையில்தான் இந்தச் சிகிச்சையே பிறந்தது. தேங்கிய ரத்தத்தை உடல் அந்நியப் பொருளாகப் பார்த்து, அழற்சி மூண்டு, அதைச் சுற்றி ஒரு சவ்வை வளர்க்கிறது. அந்தச் சவ்வில் புதிதாக முளைக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் உறுதியற்றவை, எந்நேரமும் கசியும். கூடவே உறைந்ததைக் கரைக்கும் நொதிகளும் அங்கே சுரப்பதால் கசிவு உறைந்து நிற்பதும் இல்லை. கசிவு, கரைவு, மறுபடி கசிவு. மூன்று வாரம் கடந்தபின் மண்டையோட்டில் துளையிட்டால் வாகன எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெய் நிறத்தில் திரவம் வரும். இதில் அழற்சிக்குப் பங்குண்டு என்று 1857லேயே ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோவ் சொன்னார். பின்னால் வந்தவர்கள் அடிபட்டதையே முதன்மைக் காரணமாக்கி அவரை ஓரம் கட்டினார்கள். இப்போது திரும்ப அவர் பக்கமே காற்று வீசுகிறது.

அந்தச் சவ்வுக்குச் சோறு போடுவது நடு மூளையுறைத் தமனி. கழுத்தின் புறத் தமனியிலிருந்து தாடை வழியாக ஏறி, மண்டையோட்டின் அடியில் உள்ள சிறு துளையில் நுழைந்து, மேலுறைக்கும் எலும்புக்கும் ரத்தம் தருவது அதன் வேலை. மூளைத் திசுவுக்கு அது ரத்தம் தருவதில்லை. ஆகவே அதை அடைத்தால் மூளை பட்டினி கிடக்காது. பேரன் தாத்தாவிடம் சொல்ல வேண்டிய வரி இதுதான்: "மூளைக்குப் போற குழாயை அடைக்கலை தாத்தா, கசியிற சவ்வுக்குப் போற குழாயைத்தான் அடைக்கிறாங்க."

ஆனால் ஏற்கெனவே தேங்கி மூளையை அழுத்திக்கொண்டிருக்கும் ரத்தத்தை இந்தச் சிகிச்சை வெளியே எடுப்பதில்லை. குளியலறையில் வாளி நிரம்பி வழிகிறது என்றால் இது குழாயைத் திருகி மூடும் வேலை. வாளியைக் காலி செய்வது வேறு வேலை. குழாயை மூடியபின் உள்ளே இருப்பதை உடல் மெல்ல உறிஞ்சிக்கொள்ள வாரங்கள், பல சமயம் இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அவ்வளவு அவகாசம் இல்லாத நோயாளிக்கு இது மட்டும் உதவாது. எழுப்பினால் கண் திறக்காத அளவு உறக்கம், கை கால் வேகமாகச் செயலிழப்பது, சி.டி. படத்தில் மூளையின் நடுக்கோடு கணிசமாக மறுபக்கம் தள்ளப்பட்டிருப்பது, இவற்றில் எது இருந்தாலும் முதலில் துளையிட்டு வடித்தாக வேண்டும். "ஓட்டை போடாமல் அந்தச் சிகிச்சை செய்யக்கூடாதா" என்று அந்த நேரத்தில் பேரம் பேசுவது காலத்தை வீணாக்கும்.

துளையிடும் அறுவையைப் பற்றியும் தேவையற்ற அச்சம் நிறைய. எலும்பில் பத்துக் காசு நாணயத்தைவிடச் சிறியதாக ஒன்றோ இரண்டோ துளை. உறையைக் கீறி, வெதுவெதுப்பான உப்புநீரால் திரவம் தெளியும்வரை கழுவி, ஒரு வடிகுழாயை உள்ளே விட்டுத் தைப்பார்கள். குழாய் இரண்டு நாள் வரை இருக்கும். அந்த வடிகுழாயின் மதிப்பை 2009ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கேம்பிரிட்ஜ் ஆய்வு காட்டியது. வடிகுழாய் வைக்காதவர்களில் நூற்றுக்கு 24 பேருக்கு மறுபடி அறுவை தேவைப்பட்டது, வைத்தவர்களில் 9 பேருக்கு. ஒரு பிளாஸ்டிக் குழாய் செய்த காரியம். அப்படியும் பத்தில் ஒருவர் அளவுக்குத் திரும்ப வருகிறார்கள், காரணம் அந்தச் சவ்வு அங்கேயே இருக்கிறது. ஸ்டீராய்டு மாத்திரையால் அழற்சியை அடக்கலாமே என்று பிரிட்டனில் 748 பேரிடம் சோதித்தார்கள். முடிவு 2020ல் வந்தது: மறு அறுவை குறைந்தது, ஆனால் ஆறு மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் மாத்திரை சாப்பிட்டவர்களில்தான் குறைவு, பக்கவிளைவுகளும் அதிகம். அந்த வழி ஏறத்தாழ மூடிவிட்டது.

தமனியை அடைத்துப் பார்க்கலாம் என்று முதலில் எழுதியவர்கள் ஜப்பானியர்கள், 2000ஆம் ஆண்டில். கல்லீரல் சுருங்கி ரத்தம் உறையும் தன்மை குலைந்த ஒருவருக்கு, வடிக்க வடிக்கத் தேங்கிய நிலையில், வேறு வழியில்லாமல் செய்தது அது.

சிகிச்சைக் கூடத்தில் நடப்பதைச் சொல்கிறோம். நுழைவாயில் மணிக்கட்டு அல்லது தொடை மடிப்பு. அங்குள்ள தமனியில் ஊசி குத்தி, சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள வழிகாட்டிக் குழாயைக் கழுத்தின் புறத் தமனி வரை கொண்டுபோவார்கள். உறையாமல் இருக்க ஹெப்பாரின் கலந்த உப்புநீர் அழுத்தப் பையிலிருந்து குழாய்க்குள் இடைவிடாமல் சொட்டிக்கொண்டிருக்கும். அந்தக் குழாய்க்குள்ளே இன்னொரு நுண்குழாய். முனை அரை மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அதற்கும் உள்ளே முடியைவிடச் சில மடங்கே தடித்த கம்பி. முன்னும் பக்கவாட்டிலும் ஒரே நேரத்தில் எக்ஸ்ரே காட்டும் இரட்டைத் திரையைப் பார்த்தபடி, கம்பியைத் திருகித் திருகி, மண்டையோட்டுத் துளையைத் தாண்டி நுண்குழாயை நிறுத்துவார்கள். இளையவர்களுக்கு இது சுலபம். எண்பது வயதில் மகாதமனியின் வளைவும் கழுத்துத் தமனிகளும் கொடி போல முறுக்கிக்கொண்டிருக்கும். அங்கேதான் பாதி நேரம் போகிறது. வளைவைத் தாண்டவே முடியாமல் கைவிடுவதும் உண்டு. ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ படத்தை முன்கூட்டியே எடுத்திருந்தால் மணிக்கட்டா தொடையா என்பதைப் படத்தைப் பார்த்தே முடிவு செய்யலாம்.

நுண்குழாய் இடத்துக்கு வந்ததும் உடனே அடைத்துவிட மாட்டார்கள். எக்ஸ்ரேயில் தெரியும் சாயம் செலுத்திப் படம் எடுத்து, நின்று பார்ப்பார்கள். இந்தச் சிகிச்சையின் முழுப் பாதுகாப்பும் அந்தச் சில நிமிடங்களில்தான் இருக்கிறது. இரண்டு ஆபத்தான கிளைகளைத் தேட வேண்டும். துளையைத் தாண்டியவுடன் பின்னோக்கிப் போகும் ஒரு சிறு கிளை முகநரம்புக்கு ரத்தம் தருவது. அதில் அடைக்கும் பொருள் நுழைந்தால் ஒரு பக்க முகம் கோணிவிடும். ஆகவே குழாயின் முனை அந்தக் கிளையைக் கடந்து நிற்க வேண்டும். இன்னொன்று கண். சிலருக்குப் பிறவியிலேயே கண்ணுக்குப் போகும் தமனி இந்தத் தமனியோடு இணைந்திருக்கும், அல்லது இதிலிருந்தே கிளம்பும். பக்கவாட்டுப் படத்தில் கண் இருக்கும் இடத்தில் பிறை நிலவு போல ஒரு மங்கலான நிழல் தோன்றினால் அது விழித்திரைக்குப் பின்னாலுள்ள படலம் சாயத்தால் நிறைவது. அந்தப் பிறையைக் கண்டால் அந்த இடத்திலிருந்து எதையும் செலுத்தக் கூடாது, செலுத்தினால் பார்வை போகும். தமனியின் பின்பக்கப் பெருங்கிளையை மட்டும் அடைப்பதா, முனையை இன்னும் உள்ளே தள்ளுவதா, நிறுத்திவிடுவதா என்று அங்கேயே தீர்மானிப்பார்கள். "ஆரம்பிச்சுட்டுப் பாதியிலே விட்டுட்டாங்க" என்று வருந்தும் குடும்பங்கள், பாதியில் நிறுத்தத் தெரிந்த கையிடம் ஒப்படைத்தோம் என்று ஆறுதல் கொள்ளலாம்.

அடைக்கும் பொருள் மூன்று வகை. பாலிவினைல் ஆல்கஹால் துகள்கள்: 150 முதல் 250 மைக்ரான் வரையிலான அளவு வழக்கம். இன்னும் நுண்ணியதாக இருந்தால் நரம்புகளுக்குப் போகும் கண்ணுக்குத் தெரியாத குழாய்களில் புகுந்துவிடும். பெரிதாக இருந்தால் சவ்வு வரை எட்டாமல் வழியிலேயே தங்கிவிடும். விலை குறைவு, செலுத்துவதும் எளிது. ஆனால் எக்ஸ்ரேயில் தெரியாது, சாயத்தோடு கலந்துதான் அதன் போக்கைப் பார்க்க முடியும். இரண்டாவது திரவம். ஓனிக்ஸ், ஸ்குவிட் என்ற பெயர்களில் வருபவை டி.எம்.எஸ்.ஓ. கரைப்பானில் கரைந்த பிளாஸ்டிக். எக்ஸ்ரேயில் தெரிவதற்கு டான்டலம் என்ற உலோகத்தின் தூள் சேர்த்திருக்கும். பசை வகைத் திரவமும் உண்டு. மூன்றாவது பிளாட்டினச் சுருள், முதன்மைத் தண்டை மூடுவதற்கு. சுருளை மட்டும் வைத்தால் பக்கத்துக் கிளைகள் வழியாகச் சவ்வுக்கு ரத்தம் வந்துவிடும் என்பதால் பெரும்பாலும் துகளுக்கோ திரவத்துக்கோ துணையாகவே வைக்கிறார்கள்.

திரவத்தைக் கையாளுவதில் அவசரத்துக்கு இடமில்லை. குப்பியைக் குலுக்கு இயந்திரத்தில் 20 நிமிடம் வைக்க வேண்டும். குறைத்தால் டான்டலம் அடியில் தங்கி, செலுத்தும்போது திரையில் ஒன்றும் தெரியாது, கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டும் கதைதான். முதலில் நுண்குழாயின் உட்புறத்தைக் கரைப்பானால் மட்டும் நிரப்ப வேண்டும், கால் மில்லிலிட்டர் அளவுக்கு ஒன்றரை நிமிடம். வேகமாகத் தள்ளினால் தமனிச் சுவர் துடித்துச் சுருங்கும், விழித்திருக்கும் நோயாளி வலியில் அலறுவார். மூளையுறையில் முக்கிளை நரம்பின் கிளைகள் ஓடுவதால் அந்த எரிச்சல் இதயத்துடிப்பையும் இழுத்துவிடும். எழுபதில் ஓடிக்கொண்டிருந்த எண் திரையில் ஐம்பது, நாற்பது என்று இறங்கும். செலுத்துவதை நிறுத்தினால் பெரும்பாலும் தானாக ஏறும். ஏறாவிட்டால் துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் தயாராக இருக்கும். அதனால்தான் முன்னதாகவே தமனிக்குள் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைன் கொடுப்பதும், பலருக்கு முழு மயக்கம் கொடுப்பதும். குழப்பத்தில் கையைக் காலை ஆட்டும் முதியவரை அரை மயக்கத்தில் வைத்துச் செய்வது யாருக்கும் நல்லதல்ல. கரைப்பான் படும் ஊசிக்குழல்களும் அதற்கென்றே உள்ளவையாக இருக்க வேண்டும். சாதாரணப் பிளாஸ்டிக் இளகிவிடும்.

பிறகு நிமிடத்துக்கு 0.16 மில்லிலிட்டர் வேகத்தில் கரும் திரவம் கிளைகளுக்குள் நகர்வதைப் பார்ப்பதுதான் வேலை. முனையைச் சுற்றிப் பின்னோக்கி வழிந்தால் நிறுத்தி, ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்து, அந்த வழிவு இறுகியபின் தொடர்வார்கள். பொறுமை இழந்தால் அது முகநரம்புக் கிளை வரை பின்னோக்கிப் போகலாம், நுண்குழாயே ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுக்கலாம். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் தேக்கம் இருந்தால் கூடும்.

இனி ஆய்வுகள். 2024 இறுதியில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் மூன்று பெரிய ஆய்வுகள் வந்தன. செய்திகளில் அடிபடுவது அவற்றில் இனிப்பான எண்கள் மட்டுமே. அமெரிக்காவில் 400 பேரிடம் நடந்த எம்போலைஸ் ஆய்வில், அறுவை மட்டும் செய்தவர்களில் 11.3 விழுக்காட்டினருக்கு 90 நாளுக்குள் மறு அறுவை தேவைப்பட்டது; அறுவையோடு தமனியையும் அடைத்தவர்களில் 4.1 விழுக்காடு. கணக்குப் போட்டால், ஒரு மறு அறுவையைத் தவிர்க்க ஏறக்குறைய 14 பேருக்கு இதைச் செய்ய வேண்டும். நல்ல பலன்தான். அதே ஆய்வில் நரம்பியல் நிலை மோசமானவர்கள் 11.9 விழுக்காடு, அறுவை மட்டும் செய்தவர்களில் 9.8, அதாவது அந்த அளவுகோலில் ஆதாயம் தெரியவில்லை. அடைப்புச் சிகிச்சையோடு தொடர்புடைய கடுமையான பாதிப்பு நூற்றுக்கு இரண்டு பேருக்கு வந்தது, அதில் முடக்கும் பக்கவாதமும் அடக்கம். சீனாவில் 722 பேரிடம் நடந்த மேஜிக் எம்டி ஆய்வில் அறிகுறியுடன் திரும்பியதோ பெருகியதோ 6.7 விழுக்காடு, வழக்கமான சிகிச்சையில் 9.9. இந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்பதே புள்ளியியல் தீர்ப்பு; கடுமையான பாதகங்கள் அடைத்தவர்களில்தான் குறைவு. மூன்றாவதான ஸ்டெம் ஆய்வில் சிகிச்சைத் தோல்வி அடைத்தவர்களில் 16 விழுக்காடு, அடைக்காதவர்களில் 36, அதாவது பாதிக்கும் கீழே. ஆனால் 180 நாள் கழித்துப் படத்தில் 10 மில்லிமீட்டருக்கு மேல் மிஞ்சியிருப்பதும் அந்தத் "தோல்வி"யில் சேரும். படத்தில் மிச்சம் இருப்பதும் ஆள் படுத்திருப்பதும் ஒன்றல்ல. பிரான்சில் துகள்களைப் பயன்படுத்திய எம்புரோடெக்ட் ஆய்வு 2025ல் வந்தது: ஆறு மாதத்தில் மறுபடி தேங்கியது அடைத்தவர்களில் 14.8 விழுக்காடு, அடைக்காதவர்களில் 21, இங்கும் வேறுபாடு உறுதிப்படவில்லை.

இவற்றை வைத்து எங்கள் கருத்து: மறுபடி தேங்கும் வாய்ப்பு அதிகமுள்ளவர்களுக்கு இது கைகொடுக்கிறது. ஏற்கெனவே ஒருமுறை வடித்தும் திரும்பியவர், இதயத்துக்காக ரத்தம் உறையா மாத்திரையைத் தொடர்ந்தே ஆக வேண்டியவர், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்தவர், அறிகுறி லேசாக இருந்தும் தேக்கம் படத்துக்குப் படம் வளர்கிறவர். மற்ற எல்லாருக்கும் ஒரு சடங்கு போல இதைச் சேர்ப்பதற்கு ஆதாரம் இன்னும் அவ்வளவு திடமாக இல்லை. மருத்துவரிடம் "இது நல்ல சிகிச்சையா" என்று கேட்பதில் பயனில்லை. "அப்பாவுக்கு வடிப்பதோடு சேர்த்தா, வடிக்காமலா? வடிக்காமல் என்றால் காத்திருக்கும் வாரங்களில் எதைக் கண்டால் உடனே வர வேண்டும்? கண்ணுக்குப் போகும் கிளை இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு மருத்துவர் சற்று நிமிர்ந்து உட்காருவார்.

சிகிச்சைக்கு முன் மருந்துப் பட்டியல் முழுதாகப் போக வேண்டும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அபிக்ஸாபான், ரிவரோக்ஸபான் என்று பெயர்களைச் சொல்வதைவிட, பலதுறை மருந்தகத்தில் கொடுத்த மாத்திரைப் பையை அப்படியே எடுத்துப் போவது மேல். மீனெண்ணெய், கிங்கோ, ஊரிலிருந்து வந்த லேகியம், எல்லாம் அந்தப் பைக்குள் இருக்கட்டும். வீட்டிலேயே முடிவெடுத்து எதையும் நிறுத்த வேண்டாம். இதயத்தில் செயற்கை வால்வு உள்ளவர் வார்ஃபரினைத் திடீரென்று விட்டால் நேர்வது இன்னொரு வகை அடைப்பு. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள், சிறுநீரகம் பலவீனமானவர்கள் அதைச் சொல்ல வேண்டும், சாயம் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. "எனக்கு இறால் ஆகாது" என்று பலர் எச்சரிப்பார்கள். இறால் ஒவ்வாமைக்கும் இந்தச் சாயத்துக்கும் தொடர்பில்லை. முன்பு சி.டி. எடுத்தபோது சாயம் ஏற்றித் தடிப்பு வந்ததா என்பதே முக்கியம்.

இதையெல்லாம்விட, நோய் கண்டுபிடிக்கப்படுவதில் நம் வீடுகளில் ஆகும் தாமதத்தைச் சொல்லியாக வேண்டும். தலைவலிக்குத் தைலம், தள்ளாட்டத்துக்குப் பித்தம், பேச்சுத் தடுமாறினால் "வயசாச்சு", பெயர் மறந்தால் மறதி நோய். இந்த நோயின் தந்திரம் அது வார இடைவெளியில் வருவது. விழுந்தது தீபாவளிக்கு முன், குழப்பம் தொடங்கியது கார்த்திகை கடைசியில். இரண்டையும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை. மறதி நோய் வருடக்கணக்கில் வளர்வது. மூன்று நான்கு வாரத்தில் தலைகீழாக மாறிய ஒருவருக்குச் சி.டி. எடுக்காமல் மறதி நோய் என்று முடிவுகட்டக் கூடாது. ஒரு நாள் நன்றாக, மறுநாள் மந்தமாக என்று ஏறி இறங்குவதும் இதன் இயல்பு. பக்கவாதம் என்று எண்ணி வீட்டில் இருக்கும் ஆஸ்பிரினைக் கொடுத்தால் கசிவு கூடும். படுக்கையிலிருந்து எழுப்ப முடியவில்லை, வலிப்பு, ஒரு பக்கம் விழுந்துவிட்டது என்றால் அவசர ஆம்புலன்சுக்கு 995; அந்த நேரத்தில் 1777ஐ அழைத்து அவசரமில்லா ஆம்புலன்சுக்குக் காத்திருக்க வேண்டாம். தாத்தாவுடன் பகல் முழுக்க இருப்பது பணிப்பெண் என்றால், விழுந்த தேதியை நாள்காட்டியில் குறித்து வைக்க அவருக்கும் சொல்லிவையுங்கள். திட்டு விழும் என்ற பயத்தில் மறைக்கப்படும் விழுகைகள் ஏராளம். குளியலறையில் பிடிமானக் கம்பியும் வழுக்காத தரையும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) ஈஸ் திட்டத்தில் மானியத்தோடு கிடைக்கின்றன.

சிகிச்சை முடிந்ததும், தொடை வழி என்றால் சில மணி நேரம் காலை மடக்காமல் மல்லாந்து படுக்க வேண்டும். மணிக்கட்டு என்றால் காற்றடைத்த பட்டையோடு எழுந்து உட்காரலாம். ஊசி குத்திய இடம் வீங்கினாலோ, இடுப்பில் அல்லது முதுகில் வலி என்றாலோ தாதியை உடனே கூப்பிட வேண்டும். தொடைத் தமனிக் கசிவு வெளியே தெரியாமல் வயிற்றின் பின்புறம் சேரலாம். ஓனிக்ஸ் செலுத்தியவரின் மூச்சில் ஓரிரு நாள் பூண்டு வாடை அடிக்கும், கரைப்பான் நுரையீரல் வழியாக வெளியேறுவதன் விளைவு அது. பத்தியத்தை மீறி யாரோ ஊறுகாய் கொடுத்துவிட்டார்கள் என்று சண்டை வேண்டாம்.

செலவைப் பொறுத்தவரை, மருத்துவச் சேமிப்பான மெடிசேவ், அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பது சிகிச்சைக்கு மருத்துவமனை குறிக்கும் அறுவை அட்டவணை எண்ணையும் வார்டு வகுப்பையும் பொறுத்தது. வடிக்கும் அறுவையும் அடைக்கும் சிகிச்சையும் இரண்டு தனி எண்கள். நிதி ஆலோசகரிடம் இரண்டுக்கும் சேர்த்து மதிப்பீடு கேளுங்கள், ஒன்றை மட்டும் கேட்டுவிட்டுப் பிறகு திடுக்கிட வேண்டாம்.

உங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். இந்த நோயை "மூளை ரத்தக்கசிவு" என்ற பொதுப்பெயரில் எழுதாமல் "மூளையுறை ரத்தத் தேக்கம்" என்று எழுதினால் பாதிக் குழப்பம் தீரும். சிகிச்சைக்கு "உறைத் தமனியை மூடுதல்" என்றால் போதும். மூடுதல் என்ற சொல்லில் நோயின் நிழல் இல்லை. "அறுவையில்லாச் சிகிச்சை" என்ற தலைப்பைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள், பெரும்பாலானோருக்கு அறுவையோடு சேர்த்துத்தான் இது நடக்கிறது.

கடைசியாக ஊருக்குப் போகிறவர்களுக்கு. மண்டையோட்டில் துளையிட்டவர்களுக்கு உள்ளே காற்று தங்கியிருக்கலாம். விமானம் ஏறலாமா என்று அறுவை மருத்துவரிடம் கேட்காமல் டிக்கெட் எடுக்க வேண்டாம். திரவத்தால் மூடிய தமனி சி.டி. படத்தில் என்றைக்கும் பளீரென்ற வெள்ளைக் கோடாகத் தெரியும். மூடிய முதல் ஓரிரு நாளில் சாயம் தேக்கத்துக்குள் கசிந்து அங்கேயும் வெண்மை காட்டும். திருச்சியிலோ மதுரையிலோ தலைவலி என்று படம் எடுத்தால், விவரம் தெரியாத மருத்துவர் அதைப் புது ரத்தம் என்று எண்ணி மறுபடி துளையிடத் தயாராகலாம். எந்தப் பக்கம், எந்தத் தேதி, எந்தப் பொருள் என்று எழுதிய மருத்துவமனைக் கடிதத்தின் ஒரு படியைக் கடப்பிதழோடு வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எடுத்த சி.டி. படங்களையும் வட்டிலோ கைத்தொலைபேசியிலோ கேட்டு வாங்கிப் போங்கள்.

இப்படிக்கு,
மூளை ரத்தக்குழாய்ச் சிகிச்சைக் கூடத்தில் பணியாற்றும் தமிழர் சிலர்
சிங்கப்பூர்